ரெய்டு 1 மிரரில் எஸ்எஸ்டி டிரிம் மெதுவாக ஓடினால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

லினக்ஸ் சர்வரில் இரண்டு எஸ்எஸ்டிகளை எம்டிஆட்ம் (mdadm) என்ற கருவி கொண்டு ரெய்டு 1 மிரராக, அதாவது ஒரே தரவின் இரு நகல்களாக, கட்டி வைத்திருப்பவர்கள் பலரும் ஒரே புகாரைச் சொல்கிறார்கள். காலியிடத்தை டிரிம் செய்யும் எஃப்எஸ்டிரிம் (fstrim) கட்டளை தனி வட்டில் சில நொடிகளில் முடிந்துவிடும், ஆனால் மிரரின் மேல் பல நிமிடங்கள் ஓடுகிறது. ஓடும் நேரமெல்லாம் தரவுத்தளமும் அஞ்சல் சேவையும் திணறுகின்றன. புகார் ஒன்றாக இருந்தாலும் காரணம் ஒன்றல்ல. எனவே எந்த அமைப்பையும் மாற்றுவதற்கு முன், உங்கள் கணினியில் தெரியும் அறிகுறி கீழே உள்ளவற்றில் எது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

டிரிம் செய்யும்போது தரவு எதுவும் நகர்வதில்லை. "இந்த எண்ணிலிருந்து இத்தனை செக்டர்கள் இனி எனக்கு வேண்டாம்" என்ற செய்தியை மட்டுமே கோப்பு முறைமை வட்டுக்கு அனுப்புகிறது. ஆகவே காலியிடம் எத்தனை ஜிகாபைட் என்பதைக் கொண்டு நேரத்தைக் கணிக்க முடியாது. அந்தச் செய்தி எத்தனை துண்டுகளாகப் போகிறது, ஒவ்வொரு துண்டுக்கும் வட்டு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்ற இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் மொத்த நேரம். 1 டெராபைட் காலியிடத்தை 2 ஜிபி துண்டுகளாக அனுப்பினால் 512 ஆணைகள் போதும். 64 எம்பி துண்டுகளானால் 16,384 ஆணைகள். 512 கேபி துண்டுகளானால் 20,97,152 ஆணைகள். ஆணை ஒன்றுக்கு 1 மில்லிநொடி என்று வைத்துக்கொண்டால், முதலாவது அரை நொடியிலும் இரண்டாவது 16 நொடியிலும் மூன்றாவது ஏறத்தாழ 35 நிமிடத்திலும் முடியும். வட்டும் அதேதான், காலியிடமும் அதேதான். உங்கள் சிக்கல் எண்ணிக்கையிலா, தாமதத்திலா என்று தெரிந்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

முதலில் எடுக்க வேண்டிய இரண்டு அளவுகள்

எல்எஸ்பிஎல்கே கட்டளையைப் பெரிய டி என்ற தெரிவுடன் இயக்குங்கள். ஒவ்வொரு வட்டுக்கும், அதன் மேல் உள்ள எம்டி சாதனத்துக்கும் (எம்டிஆட்ம் கட்டிய மிரர்), அதற்கும் மேலே லக்ஸ் (மறையாக்க அடுக்கு) அல்லது எல்விஎம் (வட்டிடத்தைத் தருக்கப் பகுதிகளாகப் பிரிக்கும் அடுக்கு) இருந்தால் அவற்றுக்கும், டிஸ்க்-கிரான், டிஸ்க்-மேக்ஸ் என இரண்டு எண்கள் தெரியும். டிஸ்க்-மேக்ஸ் என்பது ஒரே ஆணையில் அனுப்பக்கூடிய உச்ச அளவு. சாட்டா எஸ்எஸ்டியில் இது வழக்கமாக 2 ஜிபி என்று காட்டும். 512 பைட்டு அளவுள்ள ஒரு டிரிம் பட்டியலில் 64 வரம்புகள் அடங்கும், ஒவ்வொரு வரம்பும் 65,535 செக்டர்கள் வரை போகலாம் என்பதால் வரும் எண் அது. பட்டியலில் எந்த அடுக்கில் இந்த எண் சட்டென்று சிறுத்துப்போகிறதோ, அந்த அடுக்கில்தான் துண்டாக்கம் நடக்கிறது.

அடுத்து, ஒரு முனையத்தில் எஃப்எஸ்டிரிம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு முனையத்தில் ஐஓஸ்டாட் கட்டளையைச் சிறிய எக்ஸ் தெரிவுடனும் 1 நொடி இடைவெளியுடனும் ஓடவிடுங்கள். டிரிமை லினக்ஸ் கெர்னல் டிஸ்கார்டு என்று அழைக்கிறது. கெர்னல் 4.18 முதல் டிஸ்கார்டு கணக்கு தனியாகவே பராமரிக்கப்படுகிறது. ஐஓஸ்டாட்டின் சற்றே புதிய பதிப்புகளில் டி என்ற எழுத்தில் தொடங்கும் நிரல்கள் அதைக் காட்டும். அவற்றுள் மூன்றைப் பார்த்தால் போதும்: நொடிக்கு எத்தனை டிஸ்கார்டுகள், ஒவ்வொன்றின் சராசரி அளவு, ஒவ்வொன்றுக்கும் ஆன சராசரிக் காத்திருப்பு. காத்திருப்பைச் சொல்லும் டி-அவெயிட் நிரலை எம்டி சாதனத்தின் வரியில் பார்த்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. கீழே உள்ள ஒவ்வோர் உறுப்பு வட்டின் வரியிலும் தனித்தனியே பார்க்க வேண்டும். மிரரை ஒரே வட்டாகக் கருதித் தேடுபவர்கள் இந்த இடத்தில்தான் வழி தவறுகிறார்கள்.

அறிகுறி: இரண்டு வட்டுகளில் ஒன்று மட்டும் மெதுவாக உள்ளது

ரெய்டு 1-இல் டிஸ்கார்டு என்பது எழுதுதலைப் போலவே நடத்தப்படுகிறது. கோரிக்கை இரண்டு உறுப்புகளுக்கும் போகும். இரண்டும் முடித்த பிறகே மேலே பதில் போகும். ஒரு வட்டு 2 மில்லிநொடியிலும் மற்றது 140 மில்லிநொடியிலும் முடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், மிரரின் வேகம் 140 மில்லிநொடிதான். வேகமான வட்டு சும்மா உட்கார்ந்திருக்கும்.

இந்த வேறுபாட்டுக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது பழுதை அல்ல, அணியின் (இரு வட்டுகளும் சேர்ந்த தொகுப்பின்) வரலாற்றை. மிரரை உருவாக்கியபோது தொடக்க ஒத்திசைவு முதல் வட்டின் எல்லாச் செக்டர்களையும், காலியானவை உட்பட, இரண்டாவது வட்டில் எழுதியிருக்கும். அதாவது கோப்பு முறைமையில் 50 ஜிபி மட்டுமே நிரம்பியிருந்தாலும், இரண்டாவது எஸ்எஸ்டியின் பார்வையில் அது முழுக்க முழுக்க நிரம்பிய வட்டு. முதல் டிரிம் வரும்போது, முதல் வட்டு புதியதாக இருந்திருந்தால் அதற்கு அழிக்க ஒன்றுமே இருக்காது. இரண்டாவது வட்டோ தன் அட்டவணையில் உள்ள பெரும்பகுதியை விடுவித்தாக வேண்டும். பழுதான வட்டைக் கழற்றிப் புதியதைச் சேர்த்த பிறகும் இதே நிலைதான். இந்த முதல் ஓட்டத்தை முழுமையாக முடியவிடுங்கள். மறுமுறை இரண்டு வட்டுகளின் டி-அவெயிட்டும் நெருங்கி வந்துவிட்டால் அங்கே பிழை எதுவும் இல்லை.

நெருங்கி வரவில்லையென்றால், அது வட்டின் இயல்பாகவோ இணைப்பின் கோளாறாகவோ இருக்கும். மாதிரி வேறுபட்ட இரண்டு வட்டுகளை மிரராகக் கட்டியிருந்தால், மெதுவான மாதிரியின் ஃபர்ம்வேர் டிரிமை உடனுக்குடன் செய்து முடித்த பிறகே பதில் தருவதாக இருக்கலாம். மற்றது குறித்து வைத்துக்கொண்டு பிறகு செய்வதாக இருக்கலாம். ஃபர்ம்வேர் புதுப்பிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதைத் தவிர இதில் பயனருக்குப் பெரிய வழி கிடையாது. இரண்டும் ஒரே மாதிரி என்றால், வட்டு தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அட்டவணையின் 199-ஆவது வரியைப் பாருங்கள். அங்குள்ள சிஆர்சி பிழை (இணைப்பில் தரவு சிதைந்து போன தடவைகள்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் கேபிளையோ போர்ட்டையோ மாற்றிவிட்டுத்தான் மேற்கொண்டு யோசிக்க வேண்டும். டிரிம் செய்தி மிகச் சிறியது என்பதால் சாட்டா இணைப்பு 3 ஜிகாபிட்டா 6 ஜிகாபிட்டா என்ற கேள்வி இங்கே அவ்வளவாகப் பொருட்டில்லை. பிழையால் மீண்டும் மீண்டும் அனுப்பப்படுவதுதான் பொருட்டு.

ஒரு எச்சரிக்கை. ஒற்றை வட்டைத் தனியே சோதிக்கிறேன் என்று உறுப்பு வட்டின் மேல் பிஎல்கேடிஸ்கார்டு கட்டளையை இயக்கிவிடாதீர்கள். அது காலியிடத்தை மட்டும் பார்த்து விடுவிக்கும் கருவி அல்ல. வட்டு முழுவதையும் துடைத்துவிடும்.

அறிகுறி: வட்டுகள் இரண்டும் வேகமாகவே பதில் தருகின்றன, ஆனாலும் வேலை முடிவதில்லை

டி-அவெயிட் சிறியதாக இருந்து, சராசரி அளவும் சில நூறு கேபிக்குள் இருந்தால், சிக்கல் எண்ணிக்கையில் உள்ளது. எண்ணிக்கை பெருகுவதற்கு மூன்று இடங்கள் உண்டு.

முதலாவது கோப்பு முறைமை. சிறு சிறு கோப்புகள் தொடர்ந்து உருவாகி அழிந்துகொண்டிருக்கும் அஞ்சல் சேவையகம் போன்றவற்றில் காலியிடம் ஆயிரக்கணக்கான துணுக்குகளாகச் சிதறிக் கிடக்கும். ஒவ்வொரு துணுக்குக்கும் ஒரு டிஸ்கார்டு போகும். எஃப்எஸ்டிரிமுக்குச் சிறிய எம் என்ற தெரிவில் 1 எம்பி என்று கொடுத்தால் அதைவிடச் சிறிய துணுக்குகளை அது தாண்டிச் செல்லும். விட்டுப்போகும் இடம் பெரும்பாலும் சொற்பமாகவே இருக்கும். மிச்சமாகும் நேரம் கணிசமானது. எக்ஸ்எஃப்எஸ் முறைமையில் இது இன்னும் முக்கியம். எக்ஸ்ட்4, எந்தத் தொகுதிகளை ஏற்கெனவே டிரிம் செய்தோம் என்பதை நினைவகத்தில் வைத்துக்கொண்டு அடுத்த முறை அவற்றைத் தவிர்க்கும். எக்ஸ்எஃப்எஸ் அப்படி எதையும் நினைவில் வைப்பதில்லை. ஒவ்வொரு வாரமும் முழுக் காலியிடத்தையும் முதலிலிருந்து அனுப்பும். "எக்ஸ்ட்4-இல் இரண்டாம் முறை ஒரு நொடியில் முடிகிறது, எக்ஸ்எஃப்எஸ்ஸில் முடியவில்லை" என்ற ஒப்பீட்டுக்கு அடிப்படை இதுவே தவிர, எக்ஸ்எஃப்எஸ்ஸின் வேகக்குறைவு அல்ல.

இரண்டாவது, எம்டி அடுக்கு. கெர்னல் 4.11 முதல் ரெய்டு 1 தன் பரப்பை 64 எம்பி அலகுகளாகப் பிரித்துத் தடுப்புகளை (ஒத்திசைவும் எழுதுதலும் மோதாமல் காப்பவை) கையாள்கிறது. அதனால் மேலிருந்து 2 ஜிபி கோரிக்கை வந்தாலும் அது 64 எம்பி எல்லைகளில் வெட்டப்படும். மேலே போட்ட கணக்கின்படி இது தாங்கக்கூடிய அளவுதான். தாங்க முடியாததாக அதை ஆக்குவது எழுது-நோக்கு பிட்மேப், அதாவது எந்தப் பகுதியில் எழுதுதல் நடக்கிறது என்று எம்டி வட்டிலேயே வைக்கும் குறிப்பு. டிஸ்கார்டு எழுதுதலாகவே நடத்தப்படுவதால், ஒரு பகுதிக்குள் அது நுழையும் முன் அந்தப் பகுதிக்குரிய பிட் வட்டுகளில் பதிந்தாக வேண்டும். அந்தப் பதிவு, இடைநினைவில் உள்ளதை நிலையாக எழுதி முடிக்கச் சொல்லும் ஃபிளஷ் ஆணையோடு போகும். மின்தடைக் காப்பு மின்தேக்கி இல்லாத வீட்டுப் பயன்பாட்டு எஸ்எஸ்டிகளில் ஃபிளஷ்தான் மிகவும் விலைகூடிய வேலை. டிரிமின்போது டிஸ்கார்டுகளுக்கு இடையிடையே சிறிய எழுதுதல்களும் ஃபிளஷ்களும் ஐஓஸ்டாட்டில் தெரிந்தால் ஐயத்துக்கு இடமில்லை. எம்டிஆட்மின் குரோ வசதியால் பிட்மேப்பை நீக்கிவிட்டு, டிரிமை ஓட்டி நேரத்தைப் பார்த்து, மீண்டும் சேர்க்கலாம். ஆனால் பிட்மேப் இல்லாத அந்த இடைவெளியில் மின்சாரம் போனால் முழு அணியும் மறு ஒத்திசைவுக்குப் போகும், ஒத்திசைவு ஒரு எஸ்எஸ்டியை மீண்டும் முழுக்க நிரப்பும், நீங்கள் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்பீர்கள். ஆகையால் இதைக் காரணம் கண்டறியும் சோதனையாக மட்டுமே வைத்துக்கொள்வது நல்லது. காரணம் அதுதான் என்று உறுதியானால் பிட்மேப்பின் துண்டு அளவைப் பெரிதாக்கி மறுபடி உருவாக்குவது நிலையான தீர்வு. அதற்கு ஈடாக, எதிர்பாராமல் கணினி நின்றபின் நடக்கும் ஒத்திசைவு சற்று நீளும்.

மூன்றாவது இடம் ரெய்டு 10. மிரர்களை அடுக்கிக் கட்டிய இந்த அணியில் அறிகுறி மிகவும் கடுமையாக இருக்கும், அதனால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

அறிகுறி: ரெய்டு 10-இல் கோப்பு முறைமை உருவாக்குவதற்கே பல நிமிடங்கள் ஆகின்றன

எல்எஸ்பிஎல்கே காட்டும் டிஸ்க்-மேக்ஸ், உறுப்பு வட்டுகளில் ஜிபி கணக்கிலும் எம்டி சாதனத்தில் 512 கேபி என்றும் இருந்தால், தேடலை அங்கேயே நிறுத்திவிடலாம். பழைய கெர்னல்களில் ரெய்டு 10 ஒவ்வொரு டிஸ்கார்டையும் தன் சங்க் (வட்டுகளிடையே தரவைப் பிரித்து வைக்கும் துண்டு) அளவுக்கு வெட்டும். சங்கின் இயல்பு அளவு 512 கேபி. டெராபைட்டுக்கு இருபது லட்சத்துக்கு மேல் ஆணைகள் என்ற கணக்கு இதிலிருந்தே வருகிறது. எக்ஸ்எஃப்எஸ், எக்ஸ்ட்4 இரண்டின் உருவாக்கக் கருவிகளும் தொடக்கத்தில் முழுச் சாதனத்தையும் டிஸ்கார்டு செய்வதால், வேகமான என்விஎம்இ வட்டுகளில்கூட அந்தக் கட்டளை உறைந்துபோனது போலத் தோன்றும்.

இதற்கான திருத்தம் வந்த கதையை அறிந்துகொள்வது பயன் தரும். 2020-இன் இறுதியில், 5.10 வெளியீட்டை ஒட்டி, ரெய்டு 10 டிஸ்கார்டைப் பெரிய துண்டுகளாக அனுப்பும் மாற்றம் சேர்க்கப்பட்டது. அது தரவைச் சிதைப்பது தெரியவந்ததும் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் அதை முன்கூட்டியே எடுத்துச் சேர்த்துவிட்ட உபுண்டு கெர்னல்களிலும் சிதைவு நேர்ந்தது. திருத்தப்பட்ட வடிவம் 2021-இல் 5.13-இல் நிலைபெற்றது. எனவே 5.13-க்கு முந்தைய கெர்னலில் இருப்பவர்கள் எங்கோ கிடைத்த ஒட்டுத் திருத்தத்தைத் தாங்களே சேர்ப்பதைவிட, வினியோகம் தரும் புதிய கெர்னலுக்கு மாறுவதே பாதுகாப்பு. வினியோகங்கள் இத்தகைய மாற்றங்களைப் பழைய எண்ணுள்ள கெர்னலிலும் சேர்ப்பதுண்டு என்பதால், கெர்னல் எண்ணைவிட டிஸ்க்-மேக்ஸ் காட்டும் எண்ணையே நான் நம்புவேன்.

மாற முடியாத நிலையில், எக்ஸ்எஃப்எஸ் உருவாக்கும்போது பெரிய கே தெரிவையும் எக்ஸ்ட்4 உருவாக்கும்போது நோடிஸ்கார்டு என்ற நீட்டிப்பையும் கொடுத்தால் டிஸ்கார்டு இல்லாமல் உடனே உருவாகிவிடும். அணியைக் கட்டுவதற்கு முன்பே, வட்டுகள் வெறுமையாக இருக்கும்போது, ஒவ்வொன்றையும் பிஎல்கேடிஸ்கார்டு கொண்டு தனித்தனியே துடைத்துக்கொள்வது இந்த நிலையில் மட்டும் சரியான வேலை.

அறிகுறி: டிரிம் ஓடும்போது கணினி முழுவதும் உறைகிறது

இங்கே மொத்த நேரம் முக்கியமல்ல. ஒவ்வோர் ஆணையின் போதும் மற்றவை காத்துக்கிடப்பதுதான் முக்கியம். சாட்டாவின் பழைய டிரிம் ஆணை வரிசையில் நிற்காது. அது போவதற்கு முன் வட்டில் காத்திருக்கும் ஆணைகளின் வரிசையான என்சிக்யூ முழுதும் காலியாக வேண்டும். அது முடியும்வரை எந்த வாசிப்பும் எழுத்தும் போகாது. வரிசையில் நிற்கும் டிரிம் சாட்டா 3.1-இல் வந்தது. ஆனால் அதை அறிவித்துவிட்டுச் சரியாகச் செய்யாத வட்டுகள் பல இருந்ததால் கெர்னல் அவற்றுக்கு அந்த வசதியை முடக்கி வைத்திருக்கிறது. சாம்சங் 860, 870 வரிசைகள் 2021-இல் இந்தப் பட்டியலில் சேர்ந்தன. உங்கள் வட்டுக்கும் அப்படியா என்பதைக் கெர்னல் பதிவில் தொடக்க நேரத்து வரிகளில் பார்க்கலாம். அந்த முடக்கத்தை நீக்க முயலாதீர்கள். தாமதத்துக்குப் பதில் தரவிழப்பை வாங்குவதாக முடியும்.

தனி வட்டைவிட மிரரில் உறைவு ஏன் கூடுதலாகத் தெரிகிறது என்று கேட்பவர்கள் உண்டு. சாதாரண நாளில் ஒரு வட்டு வேலையாக இருந்தால் ரெய்டு 1 வாசிப்பை மற்ற வட்டுக்குத் திருப்பிவிடும். டிரிமோ இரண்டு வட்டுகளுக்கும் ஒரே நேரத்தில் போகிறது. ஒதுங்க இடமில்லை.

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, ஒவ்வோர் உறுப்பு வட்டின் சிஸ்எஃப்எஸ் (கெர்னல் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) கியூ கோப்பகத்தில் உள்ள டிஸ்கார்டு-மேக்ஸ்-பைட்ஸ் மதிப்பைக் குறைப்பது. ரெய்டு 1 ஏற்கெனவே 64 எம்பியில் வெட்டுவதால் 16 எம்பி போன்ற சிறிய மதிப்பு கொடுத்தால்தான் வேறுபாடு தெரியும். மொத்த நேரம் கூடும். ஒவ்வொரு தடங்கலும் குறையும். மறுதொடக்கத்தில் மதிப்பு பழையபடி ஆகிவிடும் என்பதால் சாதனம் தெரிந்ததும் தானே இயங்கும் யூடெவ் விதியில் எழுதி வைக்க வேண்டும். மற்றொன்று, எனக்கு அதிகம் பிடித்தது, டிரிமைத் தவணைகளாக ஓட்டுவது. எஃப்எஸ்டிரிமுக்குத் தொடக்க இடமும் நீளமும் கொடுக்கலாம். 50 ஜிபி வீதம் ஒவ்வொரு தவணைக்கும் இடையே ஒரு நிமிடம் ஓய்வு விட்டு ஓட்டும் பத்து வரி ஷெல் நிரல், எந்தக் கெர்னல் அளவுருவையும் தொடாமல் வேலையை முடிக்கும்.

ஏற்றும்போதே டிஸ்கார்டு தெரிவு கொடுத்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள். சாட்டா மிரரில் ஒவ்வொரு கோப்பு அழிப்புக்கும் டிரிம் அனுப்புவது, வாரம் ஒருமுறை வரும் தொல்லையை நாள் முழுதும் பரப்புவதாகும். டிரிம் ஒரு வாரம் தள்ளிப்போனால் குடி ஒன்றும் முழுகிவிடாது.

உறைவு திங்கள் நள்ளிரவில் மட்டும் வருகிறது என்றால், அது எஃப்எஸ்டிரிம் டைமரின் வேலை. வாரம் ஒருமுறை என்பதற்கு சிஸ்டம்டி கொள்ளும் பொருள் திங்கள் 00:00 மணி. ஒரே மிரரின் மேல் பத்து மெய்நிகர் கணினிகள் இருந்து, பத்திலும் அதே டைமர் இருந்தால், பத்து டிரிம்களும் ஒன்றாகப் புறப்படும். புதிய பதிப்புகளில் 6000 நொடி வரையிலான தற்செயல் தாமதம் சேர்க்கப்பட்டுள்ளது. பழையவற்றில் நீங்களே நேரத்தைக் கலைத்து வையுங்கள். தவறிய ஓட்டத்தைக் கணினி எழுந்ததும் நடத்தும் வழக்கமும் அந்த டைமருக்கு உண்டு என்பதால், வாரக்கடைசியில் அணைத்துவைத்த கணினி திங்கள் காலை மந்தமாக எழுவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அதே வேளையில் எம்டி ஸ்டாட் கோப்பில் சரிபார்ப்போ ஒத்திசைவோ ஓடிக்கொண்டிருந்தால், அது முடியும்வரை டிரிமைத் தொடங்காதீர்கள்.

அறிகுறி: டிரிம் நொடியில் முடிகிறது, எழுதும் வேகமோ விழுந்துகொண்டே போகிறது

மெதுவான டிரிமைவிட இது ஏமாற்றக்கூடியது. எக்ஸ்ட்4 தன் டிரிம் நினைவை வட்டின் மேல் வைப்பதில்லை, இயங்கும் கெர்னலின் நினைவகத்தில் வைக்கிறது என்றேன். கணினியை நிறுத்தாமலேயே பழுதான உறுப்பை எடுத்துவிட்டுப் புதிய எஸ்எஸ்டியைச் சேர்த்தால், ஒத்திசைவு அதை முழுவதும் நிரப்பும். கோப்பு முறைமைக்கோ வட்டு மாறியதே தெரியாது. "இந்தத் தொகுதிகளைப் போன வாரமே டிரிம் செய்துவிட்டேன்" என்று அது தாண்டிச் செல்லும். எஃப்எஸ்டிரிம் சில எம்பி மட்டுமே விடுவித்ததாகச் சொல்லும், புதிய வட்டு மாதக்கணக்கில் நிரம்பிய நிலையிலேயே உழைக்கும். கோப்பு முறைமையை இறக்கி மீண்டும் ஏற்றிவிட்டு, அது ரூட் பகிர்வு என்றால் கணினியையே மறுதொடக்கம் செய்துவிட்டு, ஒருமுறை முழு டிரிம் ஓட்டுங்கள்.

டிரிம் ஓடவே இல்லை, "ஆதரவு இல்லை" என்ற பிழைதான் வருகிறது என்றால் எல்எஸ்பிஎல்கே பட்டியலில் எந்த அடுக்கில் எண் பூச்சியமாகிறது என்று பாருங்கள். லக்ஸ் அடுக்கு என்றால், மறையாக்க வட்டுகளின் அமைப்பை வைக்கும் கிரிப்ட்டேப் கோப்பில் டிஸ்கார்டு தெரிவு இல்லை என்று பொருள். எல்விஎம் அமைப்பில் இஷ்யூ-டிஸ்கார்ட்ஸ் வரியை மாற்றினால் சரியாகும் என்று பலர் நம்புகிறார்கள். அது தருக்கப் பகுதியை நீக்கும்போதும் சுருக்கும்போதும் மட்டுமே செயல்படும், எஃப்எஸ்டிரிமுக்கும் அதற்கும் தொடர்பில்லை. உறுப்பு வட்டிலேயே பூச்சியம் என்றால் கட்டுப்படுத்தி அட்டையையோ யூஎஸ்பி பெட்டியையோ தாண்டி ஆணை போகவில்லை.

அறிகுறி: டிரிமுக்குப் பின் மாதாந்தரச் சரிபார்ப்பு வேறுபாடுகளைக் காட்டுகிறது

டிரிம் செய்த செக்டரை வாசித்தால் பூச்சியம்தான் வர வேண்டும் என்ற கட்டாயம் எல்லா எஸ்எஸ்டிகளுக்கும் இல்லை. ஒரு வட்டு பூச்சியத்தையும் மற்றது பழைய தரவையும் தந்தால், ரெய்டு 1 சரிபார்ப்பு அதை வேறுபாடாகவே எண்ணும். இரு வட்டுகளையும் எச்டிபார்மின் பெரிய ஐ தெரிவால் பாருங்கள். டிரிமுக்குப் பின் உறுதியாகப் பூச்சியம் தருவதாக இரண்டும் அறிவித்திருந்தால் இந்த விளக்கம் பொருந்தாது, வேறு காரணம் தேட வேண்டும். அறிவிக்காத வட்டு இருந்தால் எண்ணிக்கை கோப்பு இல்லாத இடங்களிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த எண்ணைக் கண்டு பதறி, வேறுபாடுகளைச் சமன்செய்யும் எம்டியின் ரிப்பேர் ஓட்டினால், வேறுபட்ட காலியிடங்கள் ஒரு வட்டிலிருந்து மற்றதற்கு எழுதப்பட்டு, விடுவித்த பகுதிகளை அந்த எஸ்எஸ்டி மறுபடியும் நிரம்பியவையாகக் கணக்கில் கொள்ளும். அப்படி ஓட்டத்தான் வேண்டியிருந்தால், முடிந்ததும் கோப்பு முறைமையை இறக்கி ஏற்றிவிட்டு டிரிமை முழுதாக இன்னொரு முறை ஓட்டிவிடுங்கள்.